பச்சைத் தண்ணியில் போகும் கறை

ஜூலை 28, ஞாயிறு

கடைக்காரன் சிரித்துவிட்டான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நூல் ஏஜெண்டு பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதம் சும்மாவே கிடந்தது. என்னைப்போல் பிளஸ் டூ வரைக்கும் படித்த சாயப்பட்டறைக்காரனுக்கு டைரியில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று இருக்கிறது.

என் மகள் தர்ஷிகா குறுவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். அடுத்தது மாவட்டப் போட்டி, ஆகஸ்ட் இருபத்து நான்கு. அதில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால் மாநிலப் போட்டி. "அந்த கிரவுண்டு முச்சூடும் சரளைக்கல்லு. ஒரு நல்ல ஷூ வாங்கிக் குடுங்க" என்று அவளுடைய ஸ்டெல்லா டீச்சர் சொல்லி அனுப்பினார். வாங்காமல் இருப்பேனா? அவளுக்குத் தெரியாமல் வாங்கி அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அசத்துவதில்தான் என் வாழ்க்கையே சறுக்கிக்கொண்டிருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்துத் தூங்கினாள். வாசல் கூட்டும் சீமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, குதிகாலில் வைத்து, கட்டைவிரல் நுனிவரை அளந்து, அங்கேயே கிள்ளி, கல்யாணங்களுக்குப் போடும் சந்தனக் கலர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள். கடையில் எடுத்துப் பார்த்தால் குச்சியின் நுனி கொஞ்சம் சிலும்பியிருந்தது. அந்த பஸ்ஸில் நின்று வந்தவன் நானும் சிலும்பித்தான் இருந்தேன்.

"ஏனுங்ணா, சீமாறு விக்கிற கடை எதுத்தாப்லங்" என்றான் கடைக்காரன். வேலைக்கு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவனே, "பாப்பாவக் கூட்டியாந்து போட்டுப் பாத்துருங்ணா. ஓடற ஷூன்னா வெரலுக்கு முன்னால எடம் வேணும்" என்றான்.

"என்ற புள்ள கால் எனக்குத் தெரியாதா? குச்சிக்குச் சரியா எடு" என்று சத்தம் போட்டேன்.

எடுத்தான். வெள்ளை வெளேரென்று, பக்கவாட்டில் நீலக் கோடு, நீலத்தில் கம்பெனிப் பெயர். ஷூவைப் பார்த்ததும் தர்ஷி ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போட்டுப் பார்த்து, "கொஞ்சம் புடிக்குதுங்ப்பா" என்றாள்.

"புதுசுன்னா அப்படித்தான் கண்ணு. போடப் போட விட்டுக் குடுக்கும்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஐந்தே நாள். வலது ஷூவின் முன்பக்கம், கட்டைவிரலுக்கு மேலே, காசளவு பழுப்புக் கறை.

செம்மண். அந்தப் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறதே, அதை மைதானம் என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். புல் இல்லை, மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கேட்கலாம் என்று கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் "யாரு வேணும்?" என்றான். "யாரும் வேண்டாம்" என்று திரும்பிவிட்டேன். கோபம் எனக்கு வீட்டுக்குள்தான் நன்றாக வரும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஷூவை நானே துவைத்தேன். துணிக்குச் சாயம் ஏற்றி ஏற்றியே தலை நரைத்தவன், ஒரு மண் கறையை எடுக்க மாட்டேனா? தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோப்புத் தூளும் சோடாவும் போட்டு ஊற வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கறை மங்குவதற்குப் பதில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் ஷூ அப்பளம்போல் விறைத்திருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது.

என் மனைவி கோதை தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பார்த்தாள். "ஏனுங், புள்ள ஷூவ வேக வெச்சுட்டீங்களா?"

பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மிஷின் ஓட்டுகிறவளுக்கு டையிங் நுணுக்கம் என்ன தெரியும்?

ஆகஸ்ட் 5, திங்கள்

"துவைச்சதுல இன்னும் இறுக்கமா இருக்குங்ப்பா" என்றாள் தர்ஷி.

"நீ கால நல்லா உள்ள விடறதில்ல" என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இப்போது இடது ஷூவிலும் வந்துவிட்டது. அதே இடம், அதே கறை. மண் இவ்வளவு ஒழுங்காக வந்து ஒட்டுமா? ஒட்டுகிறது. இந்த ஊர் மண்ணுக்கு என்மேல் தனிப் பகை.

என்னோடு மிஷினில் நிற்கும் குப்புராஜ் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒருத்தன் வெள்ளைப் பற்பசையைத் தடவி, துடைத்து, பளபளவென்று ஷூவை நீட்டுகிறான். இஸ்திரி போட்ட சட்டையோடு, சிரித்துக்கொண்டே துவைக்கிறான். துவைக்கிறவன் எவனாவது சிரிப்பானா? அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புது டியூபில் பாதி காலி. கறை அப்படியே இருக்கிறது. ஷூ மட்டும் புதினா வாசனை அடிக்கிறது.

ஒரு நல்ல விஷயம். சாக்ஸை மட்டும் தர்ஷி யார் கையிலும் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் அவளே அலசிப் போட்டுவிடுகிறாள். பொறுப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று மூன்று வைத்தியம். ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் குழைத்துப் பூசினேன். நுரைத்தது, அடங்கியது. ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். வெள்ளை இருந்த இடமெல்லாம் மஞ்சள் வெண்ணெய் நிறத்துக்கு வந்தது. கடைசியாகப் பட்டறையிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்து வந்த ஹைட்ரோ. தப்பாக ஏறிய சாயத்தையே உரித்து எடுக்கும் மருந்து அது. வீடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். கோதை மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அலசிப் பார்த்தேன். நீலக் கோடு போய்விட்டது. கம்பெனிப் பெயரும் போய்விட்டது. கறை இருக்கிறது.

வீசி எறிந்தேன். துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் பட்டு விழுந்தது. பிறகு நானே போய் எடுத்து வந்தேன். எடுத்துக் கொடுக்கக் கொடிக்கம்பத்தையும் என்னையும் தவிர அங்கே யாரும் இல்லை.

உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காயவைத்தேன். ஈரத்தில் அச்சு மை இறங்கி, ஷூவுக்குள் ஏதோ தலைப்புச் செய்தி பாதி ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். தர்ஷி முன்னைப்போல் ஓடவில்லையாம். குறுவட்டத்தில் ஓடிய வேகம் இப்போது பாதிச் சுற்றிலேயே குறைந்துவிடுகிறதாம். "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்று கேட்டார். வீட்டில் கறையைத் தவிர ஒரு பிரச்சனையும் இல்லை என்று சொல்ல வந்தவன், "கேட்டுப் பாக்கறேனுங்" என்று போனை வைத்தேன்.

சாயங்காலம் தர்ஷியைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"என்ன கண்ணு, ஷூ வந்ததும் சொகுசு வந்துருச்சா? வெறுங்கால்ல ஓடறப்ப இருந்த வெறி எங்க?"

"அப்பா, அந்த ஷூ..."

"ஷூவப் பத்திப் பேசாத! தெனமும் கறையாக்கிட்டு வர்ற. உங்கொப்பன் தெனமும் நாயாட்டம் தேய்க்கறான். செல்லக் குடு இங்க. அத நோண்டித்தான் தூக்கங் கெட்டு ஓட முடியாமப் போகுது."

செல்லைக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். இந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு நடை வருகிறது, என்னத்தைச் சொல்ல.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் பார்க்கப் போனேன். மைதானத்தில் நின்ற பிள்ளைகளின் ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றில்கூட அந்த இடத்தில் கறை இல்லை. எல்லாருக்கும் அதே மண்தானே?

எனக்குத்தான் கம்பெனிக்காரன் மட்டச் சரக்கு விற்றிருக்கிறான். உள்ளே இருக்கும் பசை இளகி வெளியே கசிகிறது. கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கடைக்காரனை விடமாட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. வெந்நீர் வைக்க வழி இல்லை. சரி, சும்மா ஊறட்டும் என்று பக்கெட்டில் பச்சைத் தண்ணியைப் பிடித்து ஷூவைப் போட்டுவிட்டு, டீக் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால், நேற்று வந்த புதுக்கறை பாதிக்கு மேல் காணோம்! பழையது மட்டும் நிழல்போல் நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கோதை, இங்க வந்து பாரு! ரெண்டு வாரமா மருந்து வெச்சுப் போகாதது பச்சத் தண்ணியில போகுது!" என்று கூவினேன்.

அவள் கை துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். தண்ணீர் லேசான சிவப்பில் இருந்தது. எனக்கும் தெரிந்தது, செம்மண் என்றால் சிவப்பாகத்தானே இருக்கும்? மண் அடியில் தங்கும், இதில் அடியில் ஒன்றும் தங்கவில்லை என்பது அவள் கை விட்டுத் துழாவிய பிறகுதான் தெரிந்தது.

"இது மண்ணு இல்லீங்."

"பின்ன?"

"சுடுதண்ணி ஊத்துனாப் புடிச்சுக்கும். பச்சத் தண்ணியில உப்புப் போட்டு அலசுனாப் போகும். அப்படி ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவா. ரத்தம்."

உப்புப் போட்டால் சாயம் ஏறும் என்பதுதான் எங்கள் பட்டறைப் பாடம். வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, அதையாவது விழுங்கினேன்.

கோதை தர்ஷியைக் கூப்பிட்டாள். சாக்ஸைக் கழட்டச் சொன்னாள். அவள் மாட்டேன் என்றாள். கோதை குனிந்து தானே உருவினாள்.

இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருத்திருந்தன. வலது நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து விரல்கள் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருந்தன. மூன்று வாரமாக அந்தக் கால் எனக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன். எனக்கு வேறு எப்படியும் கேட்கத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. கோபத்தில் முகம் என் முகம்போலவே ஆகிவிட்டது.

"சொன்னனே! மொத நாளே புடிக்குதுன்னு சொன்னேன். துவைச்சதும் இறுக்கமா இருக்குதுன்னு சொன்னேன். அன்னைக்கு டீச்சர் போன் பண்ணப்ப சொல்ல வந்தேன், செல்லப் புடுங்கிட்டீங்க. பட்டறையில, டீக்கடையில, மாமா வீட்ல, எல்லாத்துக்கிட்டயும் என்ற புள்ளைக்கு நானே அளந்து வாங்குன ஷூன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. நான் எப்படிப் பத்தலைன்னு சொல்றது? தெனமும் அந்த ஷூவ மடியில வெச்சுத் தேய்ச்சீங்களே, ஒரு நாளு என்ற கால எடுத்து வெச்சுப் பாத்தீங்களா?"

உள்ளே போய்விட்டாள். சாய்ந்து சாய்ந்துதான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா தூக்கிநின்ற நகத்தை எடுத்துக் கட்டுப்போட்டார். தர்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. "சனிக்கிழமை ஓடணுங்க" என்று அவளே கேட்டாள். "வலி தாங்கினா ஓடு. மூடின ஷூ மட்டும் போடக்கூடாது. வெறுங்கால்லயும் வேண்டாம்" என்றார்.

அப்படியென்றால் எதைப் போட்டு ஓடுவது? அந்த அம்மாவுக்கு அடுத்த டோக்கன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடைக்காரன்மேல் இருந்த கோபம் முழுவதையும் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சண்டைக்குப் போகும்போது கௌரவமாக இருக்க வேண்டும் என்று, அன்றைக்குப் போட்ட அதே சந்தனக் கலர் சட்டை. ஒரு தடவை போட்டதற்கு எதற்குத் துவைக்க வேண்டும் என்று ஆணியில் மாட்டியது, அப்படியே இருந்தது.

கடையில் ஷூவைக் கல்லாமேல் வைத்தேன். "அளவு சொல்லி வாங்கின ஷூ. ஒரு சைஸ் கம்மியாக் குடுத்து ஏமாத்தியிருக்கற. என்ற புள்ள காலு ரணமாக் கெடக்குது. நீயெல்லாம் புள்ள பெத்தவனா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கும் குரல் நன்றாக ஏறிக்கொண்டது.

"சத்தம் போடாதீங்ணா. பில்லு இருக்குதா?"

"இல்லாம வருவேனா?" என்று பைக்குள் கை விட்டு பில்லை உருவி, எல்லோரும் பார்க்கும்படி கல்லாமேல் போட்டேன்.

பில்லோடு கூட ஏதோ விழுந்தது. சின்னதாக, நகக்கண் அளவுக்கு. சீமாற்றுக் குச்சியின் நுனி, அன்றைய பஸ் நெரிசலில் ஒடிந்து பையிலேயே தங்கிவிட்டது.

கடைக்காரன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு நினைவிருந்தது, அன்று வேலைக்கு நின்ற பெண்களுக்கும் நினைவிருந்தது. யாராவது சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் அந்தத் துண்டை விரலால் தள்ளி, பில்லின் மேல் வைத்து, என் பக்கம் நகர்த்தினான்.

"துவைச்ச ஷூவ மாத்திக் குடுக்க முடியாதுங்ணா. கம்பெனிப் பேருகூட இல்ல இதுல" என்றான் மெதுவாக. "புள்ளைக்கு எப்படி இருக்குது இப்ப?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "பரவால்லீங்" என்றேன். ஷூவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

குச்சி விஷயத்தைக் கோதையிடம் சொன்னேன். தர்ஷிக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அடுப்படியில் அவள் கழுவும் பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு திரும்ப வந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் ஷூவின் முன்பக்கத்தைத் துணி வெட்டும் கத்தியால் அறுத்தேன். எந்த இடத்தை வெளுக்க வைக்கப் பாடுபட்டேனோ, சரியாக அந்த இடம். கறையும் வலைத்துணியும் சேர்ந்து இரண்டு துண்டாகக் கையில் வந்தது. ஓரம் பிரிந்துவிடாமல் கோதை உட்கார்ந்து ஊசியால் சுற்றித் தைத்தாள். வெந்நீரில் போட்ட காலத்தில் சுருங்கின வலை கெட்டிப்பட்டு ஊசி இறங்கவில்லை. விரலில் குத்திக்கொண்டாள். ஒரு சொட்டு ஷூமேல் விழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணி கொண்டுவந்தேன்.

"இப்பவாச்சும் கத்துக்கிட்டீங்களே" என்றாள்.

தர்ஷி போட்டுப் பார்த்தாள். கட்டுப்போட்ட விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. நாலு எட்டு நடந்தாள். கழட்டவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மூன்றாவது.

கடைசிச் சுற்று வரைக்கும் இரண்டாவதாகத்தான் வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் ஒரு பெண் தாண்டிப் போனாள். இவள் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், தோள் ஏறியது, கால் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

ஓட்டம் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற ஒரு ஆள் தன் பையனிடம், "அது செருப்பா ஷூவாடா?" என்று சிரித்தான். சட்டையைப் பிடிக்கப் போனேன். ஸ்டெல்லா டீச்சர் நடுவில் வந்து, "சார், ஓட்டம் அங்க நடக்குது" என்றார். திரும்பினேன். அந்த ஆள்மேல் எனக்கு என்ன கோபம்? அவன் குச்சியை ஒடித்தானா?

முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். விரல் கட்டெல்லாம் புழுதி. இது நிஜமான செம்மண். கண் நேராக மேடையில் நின்ற அந்த இரண்டு பெண்கள்மேல் இருந்தது. தாடை இறுகியிருந்தது. "பரவால்ல கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பரவால்லன்னு சொல்லாதீங்க" என்றாள்.

பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தர்ஷியிடம் செல்லைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தர்ஷி இன்னும் என்னோடு பேசவில்லை. கோதையிடம் மட்டும், அடுத்த வருசத்துக்கு இப்போதிருந்தே ஓட வேண்டும் என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது. வாய் பிளந்த அந்த ஷூ. போட்டியன்றைய புழுதி அப்படியே இருந்தது.

"இதத் துவைச்சு வைங்க. நகம் வளர்ற வரைக்கும் ப்ராக்டிஸுக்கு இதுதான்" என்றாள் தர்ஷி. மூஞ்சி இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

நான் எழுந்து பக்கெட்டை எடுத்தேன்.

"பச்சத் தண்ணியிலங்ப்பா."

"தெரியுங் கண்ணு."

"வெயில்ல வைக்கக் கூடாது."

"வைக்கல."

"அப்புறம், புதுசு வாங்கப் போறப்ப நானும் வருவேன்." உள்ளே போகத் திரும்பியவள், கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த சீமாற்றைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். "இது வீட்டுலயே இருக்கட்டும்."

துவைத்து நிழலில் வைத்திருக்கிறேன். அந்தப் பழைய மஞ்சள் மட்டும் போகவில்லை. அது கறை இல்லை. அது நான் போட்ட ப்ளீச்சிங்.